ஐஸ்தரையின் நடுவில் ஒரு தேசிக்காய்

போன சனிக்கிழமை ஓர்ஹூஸ் நகரில் ஐஸ் ஹொக்கி பார்க்கப் போயிருந்தேன். உங்கள் பேத்தியின் கல்லூரி அணி விளையாடியது. வாசலில் இருந்த சின்னக் கடையில் தேநீர் வாங்கினேன். கடைக்காரப் பெண், நான் கேட்காமலே, ஒரு எலுமிச்சைத் துண்டைக் கோப்பைக்குள் போட்டுத் தந்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே நுழைந்தேன். ஈர ரப்பர் விரிப்பு, வேர்வையில் ஊறிய கையுறைகள், மூக்கின் அடிவரைக்கும் போய்க் குத்துகிற அந்தக் குளிர். அதற்கு மேலே எலுமிச்சை. இந்த மணங்கள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து என்னிடம் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எந்த வரிசையில் போய் உட்கார்ந்தேன் என்பதே கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

வருகிற வைகாசியோடு நீங்கள் போய் ஒரு வருடம். உங்களுக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். கடிதம் என்றால் மேலே ஒருவரைக் கூப்பிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களைக் கூப்பிடுவதில் எனக்கிருந்த வில்லங்கம் உங்களுக்குத் தெரியாததா? நான் உங்கள் சொந்த மகள். ஆனால் உங்களை முதன்முதலாகக் கூப்பிட்டபோது எனக்கு ஏழரை வயது. அதனால் இதையும் கூப்பிடாமலே தொடங்குகிறேன். அந்த இடம் வரும்போது அது வரட்டும்.

நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. உங்கள் முகம் எனக்கு நிற்கவில்லை. குரல் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதங்களில் அதுவும் இல்லாமல், தபாலில் வந்தது. அம்மா அந்தக் கசெற்றைப் போடுவதற்கு முன்னால் முகம் கழுவுவார். நான் ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்துக்கொண்டு குப்புறப் படுப்பேன். "பிள்ளை, அப்பா கதைக்கிறன். இஞ்ச ஒரு பெரிய மண்டபம் இருக்கு. அதுக்குள்ளை ஒரு குளத்தையே உறைய வைச்சு, பெடியள் காலிலை கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடுறாங்கள்." பக்கத்து வீட்டு மாமி அதைக் கேட்டுவிட்டு, மனுசனுக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். நான் ஒரு சொல்லையும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்குள்ளே வெள்ளைக் குளம். அடியில் மீன்கள் கண்ணைத் திறந்தபடி தூங்குகின்றன. மேலே யாரோ சத்தமில்லாமல் ஓடுகிறார்கள். ஷெல் விழுந்த நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குளத்துக்குப் போய்விடுவேன்.

எங்களைக் கூப்பிட நீங்கள் விண்ணப்பம் போட்டபோது எனக்கு நாலு வயது நிரம்பவில்லை. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் தமிழர்களுடைய கோப்புகள் கொப்பன்ஹேகனில் அடுக்கியபடி கிடந்தன. அவற்றைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிருந்தே சொல்லியிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு 'தமிழ் வழக்கு' என்று பேரும் வைத்தார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு அது தெரியாது. எங்கேயோ ஒரு பெட்டிக்குள் பிழையாக எழுதிவிட்டேன் என்று நீங்கள் உங்களையே நொந்துகொண்டு, அதே படிவத்தைத் திரும்பவும் திரும்பவும் நிரப்பி அனுப்பினீர்கள். எங்கள் பிறந்த திகதிகளை நீங்கள் அச்செழுத்து மாதிரி எழுதப் பழகியது அப்போதுதான். கடைசிவரைக்கும் பிறந்தநாள் அட்டையில்கூட அப்படித்தான் எழுதுவீர்கள்.

ஊரில் நீங்கள் மினிவான் ஓடியவர். பருத்தித்துறை வீதியில் உங்கள் கோர்ன் சத்தம் கேட்டால் சனம் குடையை மடக்கத் தொடங்கும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். டென்மார்க்கில் அந்த லைசென்ஸ் செல்லவில்லை. மேற்கு யூலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த ஐஸ் மண்டபத்துக்கு கொம்யூன், அந்த ஊர் நகரசபை, உங்களைக் கூட்டித் துடைக்க அனுப்பியது. ஒரு வருடம் கூட்டினீர்கள். பிறகு ஐஸை மட்டமாக்குகிற மெசின் ஓடியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மண்டபப் பொறுப்பாளர், புகைக்குழாய் பிடிக்கிற அந்தப் பெரிய மனிதர், உங்களை ஏறி இருக்கச் சொன்னார். அந்த மாதக் கசெற்றில் உங்கள் குரலே வேறு. "இப்ப நான் திரும்பவும் டிரைவர்" என்று தொடங்கினீர்கள். சம்பளம், சுகம், குளிர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் வந்து இறங்கியது ஒரு கோடைகாலம். விமான நிலையத்தில் ஒரு மெலிந்த மனிதர், கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டிய சட்டையோடு, கையில் ஒரு பொம்மை நாயை வைத்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். குரல் நீங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு நான் நாலு வருடமாக வேறு ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன். அந்த ஆள் உயரம். அவருக்கு மீசை இருந்தது. இவரை அப்பா என்று கூப்பிட்டால் கசெற்றில் இருக்கிறவர் என்ன செய்வார், இனிமேல் பேசாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். சிரிக்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நியாயமான பயம்தான்.

கூப்பிடாமலே ஒருவரோடு வாழலாம். அதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. கிட்டப் போய் நின்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். மேசையில் கரண்டியால் தட்டினால் பார்ப்பீர்கள். "சாப்பாடு ஆறுதாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லலாம். மாதங்கள் அப்படியே போயின. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ? அப்பா எண்டு ஒருக்காக் கூப்பிடு பிள்ளை" என்று என் தொடையில் கிள்ளினார். நீங்கள் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. "விடும். அவளுக்கு வரேக்கை வரட்டும்" என்று மட்டும் அம்மாவுக்குச் சொன்னீர்கள். கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினீர்கள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அறைக்குள் போய், ஊரில் இருந்து கொண்டுவந்த அந்தக் கசெற்றுகளைப் போட்டுக் கேட்பேன். நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போதே உங்களைக் கேட்பேன். ஒருநாள் கதவடியில் நிழல் தெரிந்தது. "பிள்ளை, அப்பா கதைக்கிறன்" என்று பெட்டிக்குள் இருந்தவர் சொன்னார். கசெற்றின் அந்தப் பக்கம் முடியும்வரைக்கும் நின்றுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்கள். உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க எனக்கும் ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

உரிமையோடு வரவேண்டிய காலத்தில் நாங்கள் வந்திருந்தால், நான் நாலு வயதில் உங்களிடம் வந்திருப்பேன். நாலு வயதுப் பிள்ளை யோசித்துக் கூப்பிடாது. கொஞ்சம் இனிப்புக் கொடுத்திருந்தாலே கூப்பிட்டிருப்பேன். கோப்புகளைக் கிடத்தி வைத்தவர்கள் வேறு என்னென்னவற்றையோ கணக்குப் பார்த்திருப்பார்கள், இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கு அந்தக் கோபம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதையும் ஐஸ் மாதிரி வழித்து அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டியிருப்பீர்கள்.

சாப்பாட்டு மேசையில் நீங்கள் கதைப்பதெல்லாம் மெசினைப் பற்றித்தான். அம்மாவுக்குச் சொல்லுவதுபோல எனக்குச் சொல்லுவீர்கள். பின்னால் ஒரு நீளக் கத்தி ஐஸைச் சீவும். சீவியது முன்பெட்டிக்குப் போகும். கத்திக்குப் பின்னால் சுடுதண்ணீர் ஊற்றும். தண்ணீர் கீறல்களை நிரப்பி உறையும். முன்பெட்டி ஒரு மாட்டுக்கொட்டில் அளவு, அதனால் முன்னால் என்ன கிடக்கிறது என்று ஓடுகிறவருக்குத் தெரியாது. ஒரு ஆணி, ஒரு பொத்தான், எது கத்திக்குள் போனாலும் கத்தி பழுது, வேலையும் பழுது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று. "நடுவிலை மட்டும் நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா சுடுதண்ணி ஐஸைத் தின்னும்." அதைச் சொல்லும்போது சோற்றை அளைந்த உங்கள் கையும் நிற்காமல் ஒரு வட்டம் போடும்.

நாங்கள் வந்த வருடத்துக் குளிர் மாரியில் கொம்யூன் புது மெசின் ஒன்று வாங்கியது. நீல நிறம். அதன் முதல் ஓட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், கல்லூரி மாணவர்களின் போட்டி இடைவேளையில் என்று முடிவாயிற்று. புது வாகனம் என்றால் சில்லுக்குத் தேசிக்காய் வைக்காமல் எடுக்கிறதா? நீங்களும் அம்மாவும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடிக்கிற ஆட்கள், இதில் மட்டும் ஒரே கட்சி. அந்த டேனிஷ் ஊர்க் கடையில் பச்சைத் தேசிக்காய் கிடையாது. மூக்கு வைத்த பெரிய மஞ்சள் எலுமிச்சைதான் இருந்தது. பிள்ளையார் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்று அம்மா இரண்டை எடுத்து, மஞ்சள் பூசி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்தார். நீங்கள் இரண்டு சட்டைப் பைக்குள்ளும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டீர்கள்.

மெசின் நிற்கிற கொட்டகையிலேயே வைத்து எடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே பொறுப்பாளரும் கொம்யூனில் இருந்து வந்தவர்களும் கோப்பியோடு நின்றதால் உங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அதோடு ஒரு டிரைவரின் நியாயமும் உங்களிடம் இருந்தது. பிறகு சொன்னீர்கள்: "வண்டி முதல் ஓடுறது எங்கை? ஐஸிலை. அப்ப தேசிக்காயும் ஐஸிலைதானே." பதினைந்து வருடம் தார் வீதியில் ஓடிய மனிதருக்கு, தார் வேறு ஐஸ் வேறு என்று அந்த ஒரு நிமிடத்தில் தோன்றவில்லை.

நானும் அம்மாவும் ஐந்தாவது வரிசையில் இருந்தோம். அதுதான் நான் அந்த மண்டபத்துக்குள் முதன்முதலாக வந்தது. கசெற்றில் இருந்த குளம் அப்படியே இருந்தது. வெளியே பின்னேரம் மூன்றரைக்கே இருட்டு வரப் பார்த்தது. உள்ளே இருட்டே தெரியாத வெள்ளை. ஐஸுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு மெல்லிய புகை மிதந்தது. மாணவர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போக, அவர்களுக்குப் பின்னால் அது திரும்பவும் மூடிக்கொண்டது. அவர்கள் தடியால் அடித்த கறுப்புத் தட்டு எங்கே போகிறது என்று என்னால் பிடிக்கவே முடியவில்லை. கத்திகள் ஐஸைக் கீறுகிற சத்தம், மரப்பலகையில் உடம்புகள் மோதுகிற சத்தம், எல்லாம் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல வந்தன. நான் ஐஸுக்கு அடியில் மீன் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் சால்வையின் பாதியை என்மேல் போட்டார்.

மணி அடித்தது. மாணவர்கள் வெளியே போனார்கள். மூலையில் இரட்டைக் கதவு திறந்தது. நீல மெசின் வாசலில் வந்து நிற்க, நீங்கள் அதிலிருந்து இறங்கி, சில்லைச் சரிபார்ப்பவர்போலக் குனிந்தீர்கள். இரண்டு மஞ்சள் உருண்டைகள் சில்லுகளுக்கு முன்னால் இருந்ததை நாங்கள் கண்டோம். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். நீங்கள் ஏறி, மெசினை விட்டீர்கள். ஒரு தேசிக்காய் வாசல் இரும்பில் பட்டு நசுங்கியது. அதன் மணம் குளிரோடு எங்கள் வரிசைவரைக்கும் வந்தது. மற்றது நசுங்கவில்லை. சில்லு தள்ள, அது ஐஸில் வழுக்கி, உருண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் போய், மைதானத்தின் நட்டநடுவில் நின்றது.

முன்பெட்டிக்குப் பின்னால் உயரத்தில் இருந்த உங்களுக்கு அது தெரியவில்லை. நீங்கள் நிமிர்ந்து, ஊர் பார்க்க மினிவான் ஓடுகிறவர் மாதிரி, பலகையோரமாக முதல் வட்டத்தைப் போட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் ஐஸ் கறுத்து, நனைந்து, கண்ணாடியாகிக்கொண்டு வந்தது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கின. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. இரண்டாவது வட்டம் கொஞ்சம் உள்ளே. மூன்றாவது இன்னும் உள்ளே. மெசின் வட்டம் வட்டமாக அந்தத் தேசிக்காயை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மாணவர்கள் அதைக் கண்டுவிட்டார்கள். யாரோ விளையாட்டுக்குப் போட்டது என்று நினைத்துப் பலகையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஒரு பொத்தான் போனாலே கத்தி பழுது. இது புதுக் கத்தி, எலுமிச்சையோ என் கைமுட்டியளவு. கொம்யூன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பவும் டிரைவரானவர் திரும்பவும் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடிக்கப் போகிறார்.

அம்மா எழும்பினார். கையை நீட்டினார். "இஞ்சருங்கோ" என்றார். அது பக்கத்துக் கதிரைக்கே கேட்கவில்லை. "இஞ்சருங்கோ." புருசன் பேரை வாயால் சொல்லிப் பழகாதவர் அம்மா, கல்யாணம் கட்டிய நாளில் இருந்து உங்களை அவர் கூப்பிட்டதெல்லாம் அந்த ஒரு சொல்லால், அதுவும் அடுப்படியில் இருந்து முன்னறைக்குக் கேட்கிற அளவில்தான். மண்டபம் நிறையச் சனம், நடுவில் நீங்கள் போய்ச் சேரப்போகிற ஆபத்து, வரிசையில் உங்களுக்கென்று இருந்த இரண்டே பேர். எங்கள் இரண்டு பேரிடமும் உங்களைக் கூப்பிட ஒரு சொல் இல்லை. அம்மா என்னைக் குனிந்து பார்த்தார். இந்தமுறை கிள்ளவில்லை. கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

ஆறாவது வட்டம் என்று நினைக்கிறேன். நான் கதிரைக்கு மேலே ஏறினேன்.

"அப்பா! தேசிக்காய்!"

அந்தக் குரல் எனக்குள் இருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. பலகை தட்டியவர்கள்கூட நிறுத்தினார்கள். நடுவில் மட்டும் நிறுத்தக் கூடாது என்று கையால் வட்டம் போட்டுக் காட்டிய மனிதர், மெசினை நிறுத்தினார்.

நீங்கள் தேசிக்காயைத் தேடவில்லை. அதை நான் திட்டமாகச் சொல்லுவேன், ஏனென்றால் நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழும்பி நின்று வரிசைகளைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து என்னில் வந்து நின்றீர்கள். பின்னால் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. புகை எழும்பி உங்களை இடுப்புவரைக்கும் மூடியது. அந்த வெள்ளைக்குள் உங்கள் மேற்பாதி மட்டும் மிதந்தது. கசெற்றில் இருந்தவரும் நீங்களும் ஒரே ஆளானது அந்த இடத்தில்தான். மீசையைத்தான் நான் கைவிட வேண்டியிருந்தது.

கோல் காப்பவனாக நின்ற மாணவன் ஐஸில் இறங்கிப் போய்த் தேசிக்காயை எடுத்தான். எடுத்து மணந்து பார்த்தான். அதற்குள் பொறுப்பாளர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்தார். உங்களுக்குத் தண்ணீரை மூட நினைவு வந்தபோது மெசினுக்குப் பின்னால் ஒரு சட்டி அளவு பள்ளம் விழுந்திருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்டது ஐந்தாவது வரிசைக்கே கேட்டது. நீங்கள் டேனிஷில் மூன்றே சொல் சொன்னீர்கள். என் மகள் கூப்பிட்டாள்.

அவருக்கு எங்கள் கதை தெரியும். நீங்கள் படிவம் நிரப்பிய மேசை அவருடைய மேசைதான். அவர் வரிசைகளைப் பார்த்தார். கதிரைக்கு மேலே நின்ற என்னைக் கண்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வாளியோடு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் முழங்காலில் நின்று, சீவிய ஐஸைப் பள்ளத்துக்குள் போட்டு, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி நிரப்பினீர்கள். போட்டி அரைமணி நேரம் பிந்தியது. யார் வென்றது என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பனி கொட்டியது. அம்மா முன்னால் போனார். என் கை உங்கள் சட்டைப் பைக்குள் இருந்தது, அந்தத் தேசிக்காயோடு. கோபமா என்று நான் சுவரைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துக் கேட்டேன். "கூப்பிட்டது கேட்டுது. அதுதான் நிண்டனான்" என்றீர்கள். கொஞ்சத் தூரம் நடந்தபிறகு, "ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு சொல்லுறது. இஞ்ச தேசிக்காய்க்கே சறுக்குது" என்று தனியாகச் சிரித்தீர்கள். அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கசெற்றுகளைப் போடவில்லை. நிரப்பிய இடம் மட்டும் கோடையில் ஐஸை உருக்கும்வரைக்கும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது. அதற்கு மேலால் போகும்போது நீங்கள் வேகத்தைக் குறைப்பதை நான் ஐந்தாவது வரிசையில் இருந்து பார்ப்பேன்.

பிறகு ஒரு மாரியில், அந்தத் தமிழ் வழக்கினால் அரசாங்கமே பதவி விலகியது. வீட்டுக்குச் சனம் வந்தது. அம்மா வடை சுட்டார். செய்தியைக் கடைசிவரைக்கும் பார்த்த நீங்கள், மணிக்கூட்டைப் பார்த்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். பின்னேரம் ஐஸ் போட வேண்டும் என்றீர்கள். போன வருடம் வைலே ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி உங்கள் பெயரை அம்மாவிடம் கேட்டாள். எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், அன்றைக்கு வரிசையில் பார்த்த அதே பார்வை. நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமையும் இடைவேளையில் மெசின் வந்தது. இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது, சத்தமில்லை. ஓடியது ஒரு இளம்பெண், காதில் எதையோ மாட்டியிருந்தாள். அவளும் ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே வந்தாள். ஐஸ் கறுத்து, நனைந்து, விளக்குகள் உள்ளே இறங்கின. என் வாய் தானாக அசைந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கிற அளவுகூட இல்லை, அம்மாவின் "இஞ்சருங்கோ" அளவுதான். மெசின் நிற்கவில்லை. அது நிற்கக் கூடாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி வட்டம் முடிந்து கதவு மூடும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. அடியில் கிடந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தோலோடு சப்பினேன்.

உங்கள் பேத்தியின் அணி தோற்றது. சனம் எழும்பியது, நானும் படியில் இறங்கத் தொடங்கினேன். உங்களுக்குத் தெரியும், அவள் என்னோடு முழுக்க டேனிஷில்தான் கதைப்பாள். தமிழில் வைத்திருப்பது ஒரே ஒரு சொல். கீழே ஐஸில் இருந்து அந்தச் சொல் வந்தது. "அம்மா!" நெருக்கிக்கொண்டு இறங்குகிற சனத்துக்கு நடுவில், நிற்கக் கூடாத படியில், நான் நின்றேன். அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் வந்திருக்கிறேனா என்று பார்த்தாள், தடியைத் தூக்கிக் காட்டினாள், போனாள்.

பின்னால் வந்த ஒரு பெரிய மனிதர் என்மேல் வந்து முட்டி, அவருடைய கோப்பி முழுவதும் என் கோட்டில் ஊற்றுப்பட்டது. ஏன் இப்படித் திடீரென்று நின்றாய் என்று கேட்டார். நான் அவருக்கு மூன்று சொல் சொன்னேன்.

அப்பா, அவரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.